வோபரின் உண்போரும் வீட்டுத் தோட்டத்துக் கீரையும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வீடுகளிற் கீரைக்குப் பஞ்சம் அரிது. கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும், வாய்க்காற் கரையில் முளைக்கீரையுமாக, பணங் கொடாமற் கிடைக்கும் உணவு அது. கீரையை உண்க என்று கூறாத வைத்தியரும் இல்லை. விவசாயப் போதனாசிரியரும் இல்லை.

ஆயினும், சில வீடுகளில் இக்கீரை அச்சத்துக்குரிய பொருளாகிவிட்டது. வாதக்காய்ச்சலால் இருதய வால்வு பழுதுற்றோர், செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர், கால் நாளத்தில் இரத்தம் உறைந்து துன்புற்றோர் ஆகியோர்க்கு, இரத்தம் உறைதலைத் தடுக்கும் வோபரின் என்னும் மாத்திரையை வைத்தியர் கொடுக்கின்றனர். “இம்மாத்திரை உண்பவர் கீரையைத் தொடலாகாது” என அயலவர் கூறக் கேட்டு, கீரையை முற்றாக விட்டுவிடுவோர் உளர். “இலை உணவு எவர்க்குந் தீங்கு செய்யாது” என்று கருதி, நாள்தோறும் இலைக்கஞ்சியும் வறையுமாக உண்போரும் உளர். முன்னவர்க்கு இரத்தப்பெருக்கும், பின்னவர்க்கு இரத்தக்கட்டியும் நேரக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றுண்டு. கீரையை விட வேண்டியதில்லை; ஆனால் அதன் அளவை மாறாமற் பேண வேண்டும். அவ்வாறு பேணுதற்குத் தோட்டம் உடையவர்க்கு உள்ள வாய்ப்பு, சந்தையை நம்பி வாழ்பவர்க்கு இல்லை. அதனை விளக்குதலே இவ்வெளியீட்டின் நோக்கமாகும்.

மாட்டுத் தொழுவத்திற் பிறந்த மருந்து

வோபரின் மாத்திரையின் வரலாறு வைத்தியசாலையில் தொடங்கவில்லை. மாடு வளர்ப்போரின் தொழுவத்திலேயே தொடங்கிற்று. 1920 ஆம் ஆண்டுகளிற் கனடாவிலும், ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகளிடையே ஒரு புதிய நோய் தோன்றியது. கொம்பு வெட்டுதல், நலமடித்தல் ஆகிய வழக்கமான வேலைகளின்போது உண்டாகும் சிறு காயத்திலிருந்தும் இரத்தம் நில்லாது பெருகி அவை இறந்தன. பிராங் ஸ்கோபீல்ட் என்னும் கனடா நாட்டு மிருகவைத்தியர் அம்மாடுகளின் தீவனத்தை ஆராய்ந்தார். இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் பயிரை நன்கு உலர்த்திக் கொடுத்த இடங்களில் நோய் இல்லை. அது நனைந்து பூஞ்சணம் பிடித்த இடங்களில் மட்டுமே நோய் உண்டென அவர் கண்டார்.

1933 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், எட் கார்ல்சன் என்னும் கமக்காரர், கடும் பனிப்புயலிடையே ஏறக்குறைய 190 மைல் பயணஞ் செய்து, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். இறந்த கிடாரி ஒன்றையும், பூஞ்சணம் பிடித்த தீவனத்தையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்கலம் ஒன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார். அங்கே இரசாயனப் பேராசிரியராயிருந்த கார்ல் போல் லிங்க் அவற்றை ஏற்று ஆராயத் தொடங்கினார். ஆறாண்டு உழைப்பின் பின்னர், 1939 இல் நோய்க்குக் காரணமான பொருள் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. பயிரில் இயற்கையாக உள்ள குமரின் என்னும் மணப்பொருளைப் பூஞ்சணம் மாற்றுவதால் அப்பொருள் உண்டாகின்றது. அதற்கு டைக்குமரோல் எனப் பெயரிடப்பட்டது.

அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பொருள் 1948 இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் உதவிய விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு வோபரின் எனப் பெயர் வைத்தனர். 1954 இல் அது மனிதர்க்குரிய மருந்தாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் அமெரிக்க சனாதிபதி ஐசன்ஹோவர் மாரடைப்பால் நோயுற்றபோது அவர்க்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் கேட்டுக் கமக்காரர் தம் வைக்கோற் போரைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. மேற்கூறிய நோய் இனிப்புக் குளோவருக்கு உரியது. நெல் வைக்கோலுக்கு உரியதன்று. எனினும், வயலில் எலிக்கு வைக்கும் இரைகளுட் சில இன்றும் இவ்வின நஞ்சுகளே என்பதை அறிந்து, அவற்றைப் பிள்ளைகளும் நாயும் மாடும் எட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும்.

எலி இரை வைத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். இரையைத் தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாட் கழித்தே இறக்கின்றது. உடலில் முன்னரே உள்ள உறைபொருள்கள் செலவாகித் தீரும் வரையும் நஞ்சின் பலன் தெரிவதில்லை. மாத்திரைக்கும் இதே தன்மை உண்டு. இன்று மாத்திரையின் அளவை மாற்றினாலும், இன்று கீரையைக் கூட்டினாலும், அதன் முழுப் பலன் சில நாட் கழித்தே இரத்தத்தில் தெரியும். “நேற்றுக் கீரை உண்டேன், ஒன்றும் நேரவில்லை” என்று முடிவு செய்தல் பிழையாவது இதனாலேயே.

இலையும் மாத்திரையும்

காயம் பட்டவுடன் இரத்தம் உறைதற்கு வேண்டிய பொருள்கள் ஈரலில் உண்டாகின்றன. அவற்றுட் சிலவற்றை ஆக்குதற்கு விற்றமின் கே என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. இவ்வுயிர்ச்சத்தைக் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்றிக் டாம் ஆவார். கொழுப்பு நீக்கிய உணவு கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைக் கண்டு ஆராய்ந்த அவர், 1935 இல் இச்சத்துக்கு ‘கே’ என்னும் எழுத்தைப் பெயராக இட்டார். அவர் நாட்டு மொழியில் உறைதலைக் குறிக்குஞ் சொல்லின் முதலெழுத்து அது. இதன் பொருட்டு அவர்க்கும் அமெரிக்கராகிய எட்வேட் டொய்சிக்கும் 1943 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

இச்சத்து நமக்கு மிகுதியாகக் கிடைப்பது பச்சை இலைகளிலிருந்தே. உடல் இதனை ஒருமுறை பயன்படுத்தி எறிந்து விடுவதில்லை. பயன்பட்ட சத்தைப் புதுப்பித்து மீண்டும் மீண்டும் எடுத்துக் கொள்கின்றது. வோபரின் செய்யும் வேலை இப்புதுப்பித்தலைத் தடுத்தலேயாகும்.

வலிகாமத்துக் கிணற்றைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்ளலாம். கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்திக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு நிலத்தினூடாக ஊறி மீண்டும் நிலத்தடி நீரைச் சேர்கின்றது. அவ்வூற்று வழியை அடைத்தால் கிணற்று நீர் நாளுக்கு நாட் குறையும். வோபரின் அடைப்பது அவ்வழியைத்தான். கீரையோ மழையைப் போன்றது. வெளியிலிருந்து புதுநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது. வைத்தியர் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கும்போது, இவ்வளவு மழை வழக்கமாகப் பெய்யும் என்று கணக்கிட்டே தீர்மானிக்கின்றார். மழை மிகுந்தால் மாத்திரையின் வலி குறையும்; மழை பொய்த்தால் அது மிஞ்சிவிடும்.

இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகின்றது என்பதை ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனை காட்டுகின்றது. மருந்து உண்ணாத நலமுடையவர்க்கு அது ஏறக்குறைய 1 ஆகும். வோபரின் உண்போர் பலர்க்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்கு அதனினும் சற்றுக் கூடுதலாக வைத்தியர் நிர்ணயிப்பர். குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் வால்விலோ நாளத்திலோ இரத்தக்கட்டி தோன்றி, அது மூளைக்குச் சென்று பாரிசவாதம் உண்டாகலாம். எல்லைக்கு மேலே ஏறினால் உடலின் உள்ளேயும் வெளியேயும் இரத்தம் கசியலாம்.

மாரியிற் பெருகும் கீரை, கோடையிற் குறையும் கீரை

சண்டிலிப்பாய் போன்ற ஊரில் இவ்விடயம் ஏன் தனிக் கவனத்துக்குரியது என்பதை இனி நோக்குவோம். வழுக்கியாற்றை அண்டிய வயல்களிற் காலபோக நெல்லும், கிணற்று நீரை நம்பிய நிலங்களில் மரக்கறியும் செய்யும் ஊர் இது. வயலும் தோட்டமும் உள்ள வீடுகளில் உணவு பருவத்தோடு மாறுகின்றது. நகரத்தில் சம்பளம் பெறுபவரின் தட்டில் ஆண்டு முழுவதும் பெரிதும் ஒரே வகைக் கறி இருக்கலாம். கமக்காரரின் தட்டோ வானத்தைப் பார்த்து மாறுவது.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் வேலிகளும் வெறுநிலங்களும் பச்சையாகும். முசுட்டை, முல்லை, தூதுவளை, முடக்கொத்தான், சாரணை முதலியன தாமே முளைக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் இலைக்கஞ்சியும் இலை வறையும் நாள்தோறும் உண்ணப்படும். கோடையில் கிணற்று நீர் குறைந்து சில இடங்களில் உவர்க்கும். அப்பொழுது கீரைப் பாத்தி கவனிப்பாரற்றுக் காயும். சோறு, மீன், பருப்பு, கத்தரிக்காய் என்பவற்றோடு உணவு முடியும்.

ஒருவர்க்கு ஆவணி மாதத்தில் மாத்திரையின் அளவு தீர்மானிக்கப்பட்டதெனக் கொள்வோம். அக்காலத்தில் அவர் வாரத்தில் ஒரு நாளே கீரை உண்டார். மார்கழியில் நாள்தோறும் இரண்டு வேளை கீரை உண்கின்றார். மாத்திரை அதே அளவினதாயினும் ஐ.என்.ஆர். இறங்கிவிடுகின்றது. வைத்தியர், காரணம் தெரியாமையால், மாத்திரையைக் கூட்டுகின்றார். மாசி கழிந்து வெயில் ஏறியதும் கீரை குறைகின்றது. கூட்டிய மாத்திரையோ குறையவில்லை. பங்குனியில் அவர் பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வடிகின்றது. அவர் மாத்திரையைத் தவறவிட்டவருமல்லர், தகாததை உண்டவருமல்லர். பருவம் மாறியதை அவர் வைத்தியரிடம் சொல்லவில்லை, வைத்தியர் கேட்கவுமில்லை. அவ்வளவே.

கீரையை முற்றாக விடுதல் ஏன் தீர்வாகாது

கீரையே உண்ணாதிருந்தால் இத்தொல்லை இல்லையே என்று சிலர் எண்ணலாம். கிணற்றில் நீர் மிகக் குறைந்திருக்கும்போது ஒரு சிறு மழையும் மட்டத்தைப் பெரிதும் மாற்றிவிடும். அதுபோல, உடலில் விற்றமின் கே மிகக் குறைந்திருப்பவர் கலியாண வீட்டில் ஒரு நாள் உண்ட கீரையாலும் ஐ.என்.ஆர். அளவு ஆட்டங் காணலாம். 2007 இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், காரணந் தெரியாமல் ஐ.என்.ஆர். அடிக்கடி மாறிய 70 நோயாளர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். நாள்தோறும் 150 மைக்குரோகிராம் விற்றமின் கே பெற்றவர்களின் அளவு, பெறாதவர்களின் அளவைவிட நிலைபெற்றிருந்தது. ஒரு மைக்குரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். இவ்வாய்வைக் கண்டு எவரும் தாமாகவே விற்றமின் கே மாத்திரை வாங்கி உண்ணுதல் ஆகாது; அது வைத்தியரின் தீர்மானத்துக்குரியது. அளவாக நாள்தோறும் பெறுதல், அறவே பெறாமையினும் நன்று என்பதே இங்கு கொள்ளத்தக்கது.

மேலும், கீரையை விட்டவர் விற்றமின் கேயை மட்டும் இழப்பதில்லை. விற்றமின் ஏ, போலேற்று, கல்சியம், நார்ப்பொருள் ஆகியவற்றையும் இழக்கின்றார். இருதய நோயாளர்க்கு இவை வேண்டாதனவல்ல.

எவ்வுணவில் எவ்வளவு

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 120 மைக்குரோகிராமும், பெண்ணுக்கு 90 மைக்குரோகிராமும் விற்றமின் கே போதுமெனக் கருதப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் உணவில் உள்ள அளவு வருமாறு:

முளைக்கீரை இனம் – ஏறக்குறைய 1,140 மைக்குரோகிராம்.
கோவா – 76.
லீக்ஸ் – 47.
போஞ்சி – 43.
வெண்டிக்காய் – 31.
தக்காளி – 8.
கத்தரிக்காய் – 3 முதல் 4.
பூசணிக்காய் – 1.
வெங்காயம், வாழைப்பழம் – 1 இலும் குறைவு.

எமது மண்ணில் விளையும் இலைகளில் இவ்வளவு, இனத்துக்கும் இலையின் முதிர்ச்சிக்கும் ஏற்ப வேறுபடும். ஆயினும் அட்டவணை காட்டும் உண்மை தெளிவானது. கடும் பச்சை இலைகள் ஒரு வகுப்பு. கோவா, லீக்ஸ், போஞ்சி, வெண்டி ஆகியன இடை வகுப்பு. காய், கிழங்கு, பழம், சோறு, மீன் ஆகியன கடை வகுப்பு. கத்தரிக்காய்க் கறியைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ மாத்திரைக்கு மாற்றம் நேராது. கீரையில் ஒரு பிடி கூடினாற் கணக்கு மாறும்.

தேங்காயெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இச்சத்து குறைவு. சோயா எண்ணெயில் அதனினும் மிகுதி. ஆதலின் சமையல் எண்ணெயை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும் வைத்தியரிடம் கூறுதல் நல்லது.

கீரையை நன்றாக அவித்தால் இச்சத்து அழிந்துவிடும் என்னும் எண்ணம் பிழையானது. விற்றமின் கே வெப்பத்தால் எளிதில் அழிவதில்லை. நீரிற் கரைந்து போவதுமில்லை. அது கொழுப்பிற் கரைவது. ஆதலின் தேங்காய்ப்பூவோ பாலோ எண்ணெயோ சேர்த்த கீரையிலிருந்து உடல் அதனை நன்கு பெற்றுக்கொள்ளும்.

ஆண்டு முழுவதும் ஒரே அளவு: பாத்தித் திட்டம்

வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு கீரை உண்பது என்பதை நோயாளர் முதலில் வைத்தியரோடு பேசித் தீர்மானித்தல் வேண்டும். தீர்மானித்த பின்னர் அதனை அளக்க ஓர் அளவை வைத்துக்கொள்க. பறித்துக் கழுவிய இலையை ஒருமுறை தராசில் நிறுத்து, அது சமைத்தபின் எத்தனை அகப்பை வருகின்றதெனப் பார்த்துக் கொண்டாற் போதும். அதன் பின் அதே அகப்பையே அளவையாகும்.

அவ்வளவு கீரை எப்பருவத்திலும் தவறாது கிடைக்கும்படி செய்தல் தோட்டத்தின் வேலை. அதற்குப் பெரிய நிலம் வேண்டியதில்லை. மூன்றடி அகலமும் பத்தடி நீளமுமுள்ள நான்கு பாத்திகள் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

முதல் வாரம் முதற் பாத்தியிலும், இரண்டாம் வாரம் இரண்டாம் பாத்தியிலுமாக, வாரத்துக்கு ஒன்று என முளைக்கீரை விதைத்து வருக. விதை மிகச் சிறிதாகையால் உலர்ந்த மணலுடன் கலந்து தூவுதல் நன்று. விதைத்து நான்கு வாரமளவிற் கீரை பறிக்கும் பருவத்தை அடையும். நான்காம் பாத்தி விதைத்து முடிந்ததும் முதற் பாத்தி பயன் தரத் தொடங்கும். பறித்து முடித்த பாத்திக்கு உக்கிய சாணி எருவிட்டு மீண்டும் விதைக்கலாம். இவ்வாறு சுற்றி வந்தால் ஒரு வாரம் குவிதலும் மறு வாரம் இல்லாமற் போதலும் நேரா.

மாரி காலத்தில் பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் விடுதல் வேண்டும். இளநாற்றின்மேல் மழை நேரே அடியாவண்ணம் கிடுகு சாத்தலாம். கோடையில் அதே கிடுகை நிழலுக்குப் பயன்படுத்திக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். வீட்டில் முகங்கழுவும் நீர் வழிந்தோடும் இடத்தில் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் தண்டு நட்டு வளர்க்கலாம். சவர்க்கார நீர் மிகுதியாகச் சேரும் இடம் ஆகாது. வேலியில் இரண்டு முருங்கை மரங்களை அவ்வப்போது கவ்வாத்துச் செய்து தளிர்க்க விட்டால், பாத்தி கெட்ட காலத்திலும் இலை கிடைக்கும். ஓர் இலைக்குப் பதில் மற்றோர் இலையை உண்ணும்போதும் அகப்பை அளவு மாறலாகாது.

மாரியிற் பாத்தி மிகுதியாகக் கொடுக்கும்போது, கூடியதைச் சுன்னாகம், மருதனார்மடச் சந்தைகளுக்கு அனுப்புக, அயலார்க்குக் கொடுக்க, நோயாளரின் தட்டிற் கூட்ட வேண்டாம்.

விரதமும் காய்ச்சலும்

கீரை தவிர, வேறு சில காரணங்களும் மாத்திரையின் வலியை மாற்றுகின்றன. கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாட்கள் பாலும் பழமும் மட்டும் உண்டு இருப்போர் உளர். கேதாரகௌரி விரதமும் பிள்ளையார் கதையும் இருபத்தொரு நாள் நீள்வன. உணவு குறையும்போது விற்றமின் கேயும் குறைய, ஐ.என்.ஆர். ஏறலாம். விரதம் முடிந்த பாரணையில் அகத்திக் கீரையை மிகுதியாக உண்டால் அது எதிர்த்திசையிற் செல்லலாம். விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறி, பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்க. எத்தகைய விரதம் தமக்கு ஏற்றது என்பதையும் அவரிடமே கேட்டறிக.

காய்ச்சல், வயிற்றோட்டம், உணவில் வெறுப்பு ஆகியனவும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றக்கூடியன. நோய்க்கிருமிகளை அழிக்கும் மருந்துகளுட் பல, குறிப்பாக மெற்றோனிடசோலும் கோற்றிரைமொக்சசோலும், வோபரினின் வலியை மிகுவிப்பன. தோட்ட வேலையால் உண்டாகும் இடுப்பு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் டைக்குளோபினக் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கி உண்ணுதல் வயிற்றில் இரத்தப்பெருக்கை உண்டாக்கலாம். ஒரே நாளில் மிகுதியாகக் குடித்த கள்ளும் சாராயமும் தீங்கானவையே.

உயிர்ச்சத்து மாத்திரைகள் எல்லாம் உணவைப் போன்றவை. அவற்றாற் கேடில்லை என்பதும் தவறான எண்ணமாகும். பல உயிர்ச்சத்துகள் சேர்ந்த மாத்திரைகளுட் சிலவற்றில் விற்றமின் கேயும் உண்டு. அவை வோபரினின் வலியைக் குறைக்கும். விற்றமின் ஈயை மிகுந்த அளவில் உண்டால் இரத்தக் கசிவு கூடலாம். கறியிற் சேரும் உள்ளியும் இஞ்சியும் மஞ்சளும் வழக்கமான அளவில் உண்ணத்தக்கவை. அவற்றையே குளிசையாகவோ, சாறாகவோ, மருந்தாகவோ மிகுதியாக உண்ணுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து உண்போர் அதனை மறைத்தலாகாது. இரு வைத்தியர்க்கும் அறிவித்தல் வேண்டும்.

எல்லா மருந்துக்கும் இவ்விதி பொருந்துமா

பொருந்தாது. அஸ்பிரினும் குளோபிடோகிரலும் வேறு வழியில் வேலை செய்வன. கீரைக்கும் அவற்றுக்கும் இத்தகைய தொடர்பு இல்லை. அண்மைக் காலத்தில் வந்த அபிக்சபான், ரிவரொக்சபான், டபிகற்றான் ஆகியவற்றையும் கீரையிலுள்ள விற்றமின் கே மாற்றுவதில்லை. ஆகவே தாம் உண்ணும் மருந்தின் பெயரை ஒவ்வொருவரும் அறிந்து வைத்தல் வேண்டும்.

அப்படியாயின் எல்லோரும் புதிய மருந்துக்கு மாறலாமே எனின், அதுவும் ஆகாது. செயற்கை உலோக வால்வு உடையோர்க்கு அப்புதிய மருந்துகள் ஏற்றவையல்ல. வாதக்காய்ச்சலால் இருதயம் பழுதுற்று, இருதயத் துடிப்பும் ஒழுங்கிழந்த 4,500 க்கு மேற்பட்டோரைக் கொண்டு பல நாடுகளில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2022 இல் வெளியாயிற்று. ரிவரொக்சபான் உண்டோரைவிட, வோபரின் இன மருந்து உண்டோரிடையே மரணம் குறைவாயிருந்தது. ஆதலின் கீரையின் அளவைப் பேணும் பொறுப்பு இன்னும் பலர்க்கு உரியதாகவே இருக்கின்றது.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய குறிகள்

முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ நில்லாது இரத்தம் வடிதல், சிறுநீர் சிவத்தல், மலம் கீல்போற் கறுத்தல், அடிபடாத இடத்தில் தோல் கண்டிப் போதல், தலையில் அடிபடுதல், திடீரெனக் கடும் தலையிடி தோன்றுதல் ஆகியன இரத்தப்பெருக்கின் குறிகள். வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல் ஆகியன இரத்தக்கட்டியின் குறிகளாகவும், சிலவேளை மூளையில் இரத்தக் கசிவின் குறிகளாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவாயினும் விடியும் வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

கமக்காரர்க்கு மேலும் ஒன்று கூறல் தகும். வயலிற் புடையன் தீண்டினால் அதன் நஞ்சும் இரத்தம் உறைதலைக் குலைக்கின்றது. வோபரின் உண்பவர் என்பதை அவ்வேளையில் வைத்தியர் அறிதல் உயிர்காக்கும். நோயாளர் பேச இயலாத நிலையில் இருக்கக்கூடுமாதலால், வீட்டார் அனைவரும் இதனை அறிந்திருக்க வேண்டும். மண்வெட்டி, கத்தி கொண்டு வேலை செய்யும்போது பாதணி அணிதலும், பனை தென்னை ஏறாது விடுதலும் நன்று.

கிளினிக்கிற் சொல்ல வேண்டியவை

சண்டிலிப்பாய்க்கு அயலிலுள்ள மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியும் பணி செய்தார். நோயையும் மருந்தையும் பற்றித் தம் மொழியில் தெளிவாகக் கேட்டலும் சொல்லலும் இப்பகுதிக்குப் புதியனவல்ல. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ வேறு கிளினிக்குக்கோ செல்லும்போது, வோபரின் புத்தகத்தோடு, சென்ற முறைக்குப் பின் உணவில் நேர்ந்த மாற்றத்தையும் ஒரு தாளில் எழுதிச் செல்க. மழை தொடங்கிக் கீரை கூடியதா, வெயிலிற் குறைந்ததா, விரதம் இருந்தாரா, காய்ச்சல் வந்ததா, வேறு மருந்து உண்டாரா என்னும் ஐந்து செய்திகளும் அதில் இருந்தாற் போதும். வைத்தியர் கேளாவிடினும் கூறுக. மாத்திரையைத் தாமாகக் கூட்டுதலும் குறைத்தலும் நிறுத்துதலும் ஒருபோதும் ஆகா.

சுருங்கக் கூறின்:

1. வோபரின் உண்பவர் கீரையை விட வேண்டாம்.
2. வாரந்தோறும் ஒரே அளவு உண்க. பருவத்தோடு அளவை மாற்ற வேண்டாம்.
3. நான்கு பாத்திகளில் வாரத்துக்கு ஒன்றாக விதைத்து, எக்காலமும் கீரை கிடைக்கச் செய்க.
4. விரதம், நோய், புதிய மருந்து, உயிர்ச்சத்து மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே வைத்தியர்க்கு அறிவிக்க.
5. ஐ.என்.ஆர். பரிசோதனை நாளை விதைப்பு நாளைப் போலத் தவறவிடாதிருக்க.

பாத்தி அமைத்தல், விதை, எரு ஆகியன பற்றிய விவரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். மாத்திரையின் அளவை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.